தாங்கியில் நஞ்சு போட்ட வெள்ளிக்கிழமை

திருகோணமலையில் உள்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுகிய ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. கடல் கிட்ட என்பதால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உடுப்புத் தோய்க்கலாம், சட்டி கழுவலாம், குடிக்க ஏலாது. குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் நம்பியிருந்தது பைப் தண்ணீரை. அது காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வருவதற்கு முன் பைப் நன்றாகச் செருமும், பிறகு துப்பும், அதன் பிறகுதான் மனமிரங்கித் தண்ணீர் விடும். அதற்குள் அம்மா பானையையும் கேத்திலையும் வாளிகளையும் நிரப்பிவிடுவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். தம்பி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். அப்பா நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். சண்டை நடந்த காலம். அந்தக் கரையோர வீதியில் காலையில் போன பஸ் பின்நேரம் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தது அதற்காகத்தான். மத்தியானம் விளக்குக் கொளுத்திப் படைக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டார். அப்பா பஸ்ஸில் பத்திரமாகப் போய்வருவதற்கும் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும் உள்ள தொடர்பு எனக்கு மிகத் தெளிவாக விளங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பாடமும் அவ்வளவு தெளிவாக விளங்கவில்லை.

நான் சொல்லும் வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாட்களில் பெருமழை பெய்திருந்தது. அன்று காலை பைப் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக வந்தது. கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்தது, ஆனால் மணம் போகவில்லை. தேத்தண்ணியில் ஆஸ்பத்திரி மணக்கிறது என்று அண்ணன் முகத்தைச் சுளித்தான். மழைக்கு அப்படித்தான் இருக்கும், சீனி கிடைக்கிற நேரத்தில் குறை சொல்லாமல் குடி என்று அம்மா அதட்டினார். அப்பா மிச்சம் வைக்காமல் குடித்தார். போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தம்பிக்கு அதே தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள்.

பாண்காரர் வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் நானும் அண்ணனும் முற்றத்தில் நின்றோம். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் அந்த மனிதர் பேக்கரிப் பாணைக் காசுக்கு விற்பார், செய்திகளைச் சும்மா கொடுப்பார். அன்று பாணை நீட்டும்போதே குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, பைப் தண்ணி குடிக்காதையுங்கோ. தண்ணித் தாங்கிக்குள்ள நஞ்சு போட்டிட்டாங்களாம்.”

அம்மா பாணை வாங்காமல் நின்றார். “எப்பவாம்?”

“ராத்திரியாம். ஆஸ்பத்திரியில ஆக்களைக் கொண்டுவந்து போட்டிருக்காம்.”

யார் போட்டது என்று அம்மா கேட்கவில்லை. கேளாமலே பாண்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, ஒழுங்கை முனையில் ஆமி இறங்குகிறது, சுற்றிவளைப்புப் போலிருக்கிறது என்று அவசரமாகச் சைக்கிளை மிதித்தார். அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், “நீ எவ்வளவு குடிச்சனி?” என்று கேட்டார். முழுக்கக் குடித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். வழக்கமாக நான் மிச்சம் விடுகிறவள்.

பக்கத்து வீட்டில் குறிஞ்சாக்கேணியிலிருந்து கல்யாணம் முடித்து வந்த முஸ்லிம் பெண் ஒருவர் இருந்தார். அம்மா உட்பட எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டோம். அவரும் செய்தி கேள்விப்பட்டு, மகளை இடுப்பில் வைத்தபடி வேலி இடைவெளியால் வந்தார். நஞ்சு ஒன்றுதான், ஆனால் கதை இரண்டாக இருந்தது. எங்கள் பக்கம் வந்த கதையில் நஞ்சு போட்டது ராத்தாவின் ஆட்கள். ராத்தா பக்கம் போன கதையில் அதைப் போட்டது எங்கள் ஆட்கள். ஒழுங்கை முனையில் நின்ற ஆமிக்காரரிடம் மூன்றாவது கதை ஒன்று இருந்திருக்கும். அம்மாவும் ராத்தாவும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தினமும் அரிசியும் மிளகாயும் மாறிக்கொள்கிறவர்கள் அப்படி நின்று நான் கண்டதில்லை.

“என்ட புள்ளையும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிருக்கு, தங்கச்சி,” என்றார் ராத்தா.

அம்மா போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று. முதலில் வழி விடுவார்களா என்று கேட்க வேண்டும். அண்ணனை ராத்தாவிடம் விட்டுவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா ஒழுங்கை முனைக்கு நடந்தார். அங்கே இளம் ஆமிக்காரன் ஒருவன் துவக்கைக் குறுக்கே பிடித்துத் தடுத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்த சிங்களச் சொற்களை எண்ணிவிடலாம். வத்துர என்று சொல்லித் தம்பியின் வாயைக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அவன் இடுப்பிலிருந்த போத்தலைக் கழற்றி நீட்டினான். அம்மா அதை வாங்கவில்லை. போத்தலைக் காட்டி, “வஹ. வத்துர, வஹ,” என்றார். தண்ணீர், நஞ்சு.

அவன் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போத்தலை முகர்ந்தான். அதுவும் அன்று காலை ஊர்ப் பைப்பில் நிரப்பிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அரைவாசி குடித்திருந்தான். மூடியை அப்படியே கீழே போட்டுவிட்டு மிச்சத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்தான். பிறகு சாக்கடைக் கானோரம் குந்தி, விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்காளித்தான். துவக்கு அவனுடைய முதுகில் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் கையை நெரித்த நெரிப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குள் மேலதிகாரி ஒருவன் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். ஒருவரும் வெளியே போக முடியாது. அந்த இளம் ஆமிக்காரன் எழுந்து வாயைத் துடைத்து, “கெதர யன்ன, அம்மே,” என்றான். வீட்டுக்குப் போகச் சொல்கிறான் என்பது எனக்கே விளங்கியது. அவனுடைய கண்ணில் தண்ணீர் நின்றது, ஓங்காளித்ததால் வந்ததாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் தொடங்கியது. கிணற்று உப்புத் தண்ணீரில் இன்னும் உப்பைப் போட்டு எங்களுக்குப் பருக்கினார்கள். நான் குடித்ததெல்லாம் வெளியே வர உடனே சத்தி எடுத்தேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிட்டான், அவனுக்கு எல்லாவற்றிலும் கெட்டித்தனம் காட்ட வேண்டும். ராத்தா இளநீர் வெட்டி வந்தார். முட்டை வெள்ளைக்கரு நஞ்சை இழுக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைத்து அம்மா பச்சை முட்டைகளை உடைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் புளிக்கரைசல். பிறகு ராத்தா தன் மகளைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காத்திருப்பதுதான் வேலை.

அம்மா எங்களை நடு அறையில் பாயில் இருத்தினார். ஒவ்வொருவரின் கண் இமையையும் இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். வாயை முகர்ந்தார். யாரும் நித்திரை கொள்ளக் கூடாது என்றார். தம்பி அந்த நேரத்தில் எப்போதும் தூங்குகிறவன், தலை சரியத் தொடங்கியது. அம்மா அவனுடைய தொடையைக் கிள்ளினார். வீரிட்டு அழுதான், பிறகும் சரிந்தான், பிறகும் கிள்ளினார். தம்பிக்கு ஒரு நாளும் கை நீட்டாத அம்மா. தொடையில் சிவப்புச் சிவப்பாக விழுந்த அடையாளங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“அப்பாவும் குடிச்சவர்தானே?” என்று அண்ணன் கேட்டான்.

அம்மா எழுந்து போய் அலுமாரியிலிருந்த டின்பாலை எடுத்து வந்தார். அது அப்பாவுக்குக் காய்ச்சல் வருத்தம் வந்தால் மட்டும் திறப்பதற்கென்று வைத்திருந்தது. கத்தியால் குத்தித் திறந்து எங்களுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். போதும் என்று சொல்லும்வரை கொடுத்தார். பிறகு சீப்பை எடுத்து என் தலையை வாரி இரட்டைப் பின்னல் போட்டார். முகத்துக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்தார். அண்ணனுக்குத் தோய்த்த சேட்டு ஒன்றை மாற்றிவிட்டார்.

“எங்கயம்மா போறம்?” என்றேன்.

“ஒரு இடமும் இல்லை. சும்மா.”

அம்மாளாச்சி கோயிலுக்குத்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அம்மா ரகசியமாக வைத்திருக்கிறார் போல.

அண்ணன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தவன் பாய் முழுக்கச் சத்தி எடுத்தான். பிறகும் எடுத்தான். கை கால் உதறியது, உதடு வெளிறிவிட்டது. அம்மா அவனுடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி இருந்தார். அழவில்லை. சத்தம் போட்டு ராத்தாவைக் கூப்பிடவும் இல்லை. அண்ணன் களைத்துச் சாய்ந்ததும் அவனுடைய வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.

அம்மா எழுந்து குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். காலையில் பைப்பில் நிரப்பிய பானையின் மூடியைத் திறந்து, செம்பில் கோலி, நின்றபடியே அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு இன்னொரு செம்பு கோலி அதையும் முடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பானையை ஒழுங்காக மூடினார். என்னைக் கண்டதும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் தூக்குகிற வயது கடந்தவள், கால்கள் அவருடைய முழங்காலில் இடித்தன.

பிறகு அம்மா மாறிவிட்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு வேறு பாய் விரித்தார். தம்பியை மடியில் போட்டு, தூங்கு ராசா என்றார். என்னையும் அண்ணனையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டார். கிள்ளவில்லை, கண்ணை இழுத்துப் பார்க்கவில்லை. நாங்கள் நாலு பேரும் படுத்துத் தூங்கிப்போனோம்.

முதலில் எழுந்தது தம்பி. அவன் பசியில் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் பாண் கேட்டான். அம்மா எங்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். ராத்தா வேலிக்கு அப்பால் நின்று மகளைத் தூக்கிக் காட்டினார். சுற்றிவளைப்பு முடிந்து ஆமி போகும்போது அந்த இளம் ஆமிக்காரன் எங்கள் வேலிப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தான். என்னையும் அண்ணனையும் தம்பியையும் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினார். அவனும் ஆட்டிவிட்டுப் போனான்.

அப்பா பொழுது படுவதற்குள் வந்துவிட்டார். பஸ் இல்லாமல் பாதி வழி நடந்தும் பாதி வழி உழவு இயந்திரத்தில் ஏறியும் வந்திருந்தார். படலையில் அவரைக் கண்டதும் அம்மா வாசல் படியில் குந்திவிட்டார். அப்பாவுக்கு விஷயம் பஸ் நிலையத்தில் தெரிந்திருந்தது.

“மழைக்குக் கலங்கல் வந்ததாம். கிருமி சாகப் போடுற மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கொட்டிப்போட்டாங்கள். அவ்வளவுதான் நஞ்சு,” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாம் பயத்தில் போனவர்கள், டொக்டர் ஏசித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அண்ணனுக்கு வந்தது என்ன நோய் என்று கேட்டு, உப்புத் தண்ணீர், பச்சை முட்டை, புளி, டின்பால் என்ற வரிசையைக் கேட்டதும் அப்பா சிரிக்கத் தொடங்கினார். நஞ்சு குடித்திருந்தால்கூட இவன் தப்பியிருப்பான், இந்த வைத்தியத்தில் எப்படித் தப்பினான் என்றார். அம்மாவும் சிரித்தார். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில்தான் முக்கியமான ஒரு குற்றம் இன்னும் விசாரிக்கப்படாமல் இருப்பது எனக்கு நினைவு வந்தது.

“அப்பா, அம்மா இண்டைக்கு விரதத்தை முறிச்சுப்போட்டா. விளக்குக் கொளுத்த முதலே ரெண்டு செம்பு தண்ணி குடிச்சவ.”

அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “எந்தத் தண்ணி?”

“பானைத் தண்ணி. பைப் தண்ணி.”

“எப்ப?”

“அண்ணா சத்தி எடுத்தாப் பிறகு.”

அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் தொடையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

“தாகமா இருந்தது,” என்றார்.

நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். விரதம் அப்பாவுக்காக இருந்த விரதம். அதை இடையில் முறித்தால் கோபம் வரத்தானே செய்யும். ஆனால் அப்பா ஏசவில்லை. எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கதிரை சும்மா கிடக்கும்போது அப்பா நிலத்தில் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். அம்மாவின் கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலை வாங்கி, தம்பியின் மற்றக் காலுக்குத் தானே தடவினார். ஏசக்கூட இல்லையென்றால் அவர் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்றும் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து விளக்குக் கொளுத்தும்வரை, அம்மா திரும்பவும் பானைப் பக்கம் போய்விடாதபடி நான் குசினி வாசலில் காவல் இருந்தேன்.