ஒரு கோட்டுக்குள் போன ஒழுங்கை

என் அக்கா மேபலைக் கட்டியவர் நோபேட் அத்தான். கொட்டாஞ்சேனையில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மனுசன் நல்லவர், ஆனால் பழைய படப் பைத்தியம். படம் என்றால் பயஸ்கோப் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவும், சந்துபோல் ஒடுங்கிய ஒழுங்கையும் கீறிய நிலப்படங்கள். வெள்ளைக்காரன் வந்த புதிதில் கீறியது, ஒல்லாந்தன் கீறியதைப் பார்த்து மறுபடி கீறியது, எலி கரும்பியது, கறையான் தின்றது என்று அவருடைய அலுமாரி முழுக்கச் சுருள் சுருளாக அடைந்து கிடந்தன. அக்காவின் கலியாணச் சேலை கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை புனித லூசியாள் கோயிலில் பூசை முடிந்ததும் மற்ற ஆண்கள் சீட்டுக் கடதாசி விளையாடப் போவார்கள். அத்தான் கக்கத்தில் ஒரு சுருளை இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். சாமான் அடுக்கும் ஏதாவதொரு கிட்டங்கிச் சுவருக்கு முன்னால் நின்று படத்தை விரிப்பார். சுவரைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், மறுபடியும் சுவரைப் பார்ப்பார். நகரசபையிலிருந்து யாரோ வந்துவிட்டார் என்று பயந்து கடைக்காரர்கள் நடைபாதையில் பரப்பிய சாமான்களை உள்ளே இழுப்பார்கள். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

"இதிலை ஒரு ஒழுங்கை இருந்தது மச்சான்" என்பார். "முந்தின படத்திலை இருக்கு. அடுத்த படத்திலை இல்லை."

"இருந்தால் இருந்திட்டுப் போகட்டும் அத்தான். வீட்டிலை சோறு ஆறுது."

"எப்பிடி இல்லாமல் போச்சுது எண்டுதான் பாக்கிறன்."

பழைய படத்தின் மேல் புதிய படத்தின் மெல்லிய பிரதியை வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். மேலே ஒன்றுமில்லாத இடத்தில், கீழே இருந்து இரண்டு மெல்லிய கோடுகள் எட்டிப் பார்க்கும். அதுதான் காணாமல் போன ஒழுங்கை. ஒன்றைக் கண்டுபிடித்தால் சந்தோசப்பட வேண்டும் அல்லவா? அத்தானின் முகம் அன்றைக்கெல்லாம் செத்த வீட்டு முகமாக இருக்கும். ஏன் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒரு ஞாயிறு, கோயிலுக்குக் கிட்ட ஒரு மதிலடியில் படத்தை விரிக்காமலே நின்றார். இந்த மதிலுக்குப் படம் தேவையில்லை என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அத்தானின் வேலை படம் கீறுவது. புதுக்கடையில் நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சண்முகலிங்கம் என்ற நில அளவைச் சேவயரின் கந்தோரில் உத்தியோகம். சேவயர் காணியில் போய்ச் சங்கிலி பிடித்து அளந்து வருவார். அத்தான் அதைக் கடதாசியில் கீறி, பிறகு மெழுகு பூசிய துணியில் மையால் பிரதி எடுப்பார். அந்தத் துணியில் கைபட்டு மை சிந்தினால் துடைக்க முடியாது. சவர பிளேட்டால் மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் மெழுகு போய்விடும். அதற்குப் பிறகு அங்கே மை வைத்தால் தண்ணீர் குடிக்கும் மாடுபோல் துணி உறிஞ்சிக்கொள்ளும், கோடு பரவும். அந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சுரண்டிய இடத்தில் கிட்டக் கிட்ட இரண்டு கோடு கீற யாரும் துணிய மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெரிய காணி. சொந்தக்காரர் கொள்ளுப்பிட்டியில் இருந்தார். அந்தக் காணிக்கும் பக்கத்துத் துண்டுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். சேவயர் அதை அளந்து வந்திருந்தார். அத்தான் துணியில் முழுக்கக் கீறி முடித்து, கடைசியில் பேனாவை எடுக்கும்போது அந்த ஒழுங்கையின் மேலே ஒரு சொட்டு மை விழுந்தது. சுரண்டினார். இரண்டு கோடும் சேர்ந்து போய்விட்டன. முழுப் படத்தையும் புதுத் துணியில் கீற வேண்டும். சேவயர் அன்றைக்கே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் என்ன செய்தார்? இரண்டு காணிக்கும் நடுவில் தடிப்பாக ஒரே ஒரு கோடு கீறினார். பிறகு சேவயரிடம் சொல்லி, ஆறுதலாகத் திருத்தலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சொல்லவில்லை. சேவயரோ, நோபேட் கீறினால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே கையெழுத்து வைத்தார். அந்த நம்பிக்கைதான் தன் வாயைக் கட்டிப்போட்டது என்று அத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சாட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

படம் கைக்கு வந்ததும் சொந்தக்காரர் அதைப் பார்த்தார். ஒழுங்கை இல்லை. அவருக்கு அது நல்லதாகப் போயிற்று. அந்தக் கோடு போன வழியில் மதில் எழும்பிற்று.

அந்த ஒழுங்கையின் கடைசியில் அருள்நாயகி என்ற விதவை தன் சொந்தச் சின்ன வீடொன்றில் இருந்தாள். புருசன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து செத்தவர். விடிய விடிய அப்பம் சுடுவாள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஒழுங்கையால் வந்து அவளுடைய சன்னலில் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். மதில் எழும்பியபோது அவளுடைய வாசலுக்கு முன்னால் செங்கல் நின்றது. வேறொருவரின் கொல்லையால் சுற்றித்தான் வெளியே வர வேண்டும். அப்பம் வாங்க யார் கொல்லைக்குள்ளால் வருவார்கள்? அவள் வழக்குப் போட்டாள். அந்த வரிசையில் மற்ற எல்லோரும் சொந்தக்காரரின் வாடகைக் குடிகள். ஒருவரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. நான் அப்போது திருகோணமலையில் வேலையாக இருந்தேன். இங்கே இருந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பேனோ தெரியாது.

வழக்கன்று படத்தை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? அத்தான்தான். பின்னால் கிடந்த வாங்கடியில் நின்று பார்த்தாராம். அருள்நாயகி வேதப்புத்தகத்தில் கை வைத்து, அங்கே ஒழுங்கை இருந்தது, நான் கலியாணம் கட்டி வந்ததே அதால்தான் என்று சொன்னாள். சொந்தக்காரருக்காக வழக்காடிய அப்புக்காத்து அந்தத் துணியை அவளுக்கு முன்னால் விரித்து, எங்கே இருக்கிறது காட்டு என்றார். அவள் படத்தில் தன் வீட்டைத் தேடினாள். ஆட்கள் சிரித்தார்கள். யாரோ வீட்டைக் காட்டினார்கள். அவள் அதன் பக்கத்தில் விரலை வைத்து, "இதிலைதான் ஐயா, இதிலைதான்" என்று தேய்த்தாளாம்.

"அவ விரல் வைச்சது நான் சுரண்டின இடம்" என்றார் அத்தான். "சொரசொரப்பா இருந்திருக்கும். அவவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தனான்."

அந்த நிமிடம் எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அக்காவின் முகத்துக்காகக் கையை அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பழைய படங்களின் சங்கதியும் விளங்கியது. பழைய தெருக்களில் அவருக்கு ஆசை ஒன்றுமில்லை. ஒழுங்கைகள் தாமாகவே மறைந்துபோகும் என்று எங்கேயாவது ஒரு சாட்சி கிடைக்காதா என்று தேடினார். அப்படி இல்லாவிட்டால், தன்னைப்போல் சுரண்டிய இன்னொருவனாவது கிடைக்க மாட்டானா என்று தேடினார். ஒழுங்கைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அருள்நாயகி இருந்திருப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஆறுதல் தேடிப் போனவர் பாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அருள்நாயகி வழக்கில் தோற்று, வீட்டைச் சொந்தக்காரருக்கே கொடுத்துவிட்டு வெள்ளவத்தைக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். வீடு இடிந்து, அவர் கட்டிய கிட்டங்கியின் முற்றமாகிற்று.

பிறகு யுத்தம் வந்தது. சிங்கப்பூர் விழுந்ததும் கொழும்பு முழுக்கக் கிலி பிடித்தது. பெட்டி படுக்கையோடு சனம் ஊர்களுக்கு ஓடியது. கொள்ளுப்பிட்டிக்காரரும் கண்டிப் பக்கம் போய்விட்டார். எங்கள் பகுதிக்குக் குண்டுவீச்சுக் காவல் வார்டனாக வந்தவர் பதியுதீன் நானா. இரும்புக்கடை முதலாளி, பொரளையிலிருந்து புதிதாக வந்தவர், தலையில் இரும்புத் தொப்பி போட்ட நாளிலிருந்து நடையே மாறியிருந்தது. குண்டு விழுந்தால் சனம், பதுங்குகுழி வெட்டிய வெறும் வெளிக்கு எந்தெந்த ஒழுங்கையால் ஓடலாம் என்று படம் வேண்டும் என்றார். அத்தானை விட்டால் யார்?

அத்தான் கீறும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எல்லா ஒழுங்கையும் கீறி முடித்துவிட்டு, கடைசியில் கோயிலுக்குக் கிட்ட அந்த இடத்தில் இரண்டு கோடு கீறினார்.

"அத்தான், அதிலை மதில் நிக்குது."

"ஒருக்காலாவது சரியாக் கீறவேணும் மச்சான்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் நினைக்கவில்லை என்பது சத்தியம்.

ஆனால் பதியுதீன் நானா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஒழுங்கையாக நடந்து பார்த்தார். மதிலுக்கு முன்னால் நின்று எங்களைக் கூப்பிட்டார்.

"என்னா மாஸ்டர், படத்தில ரெண்டு கோடு தெளிவா ஈக்கி. இங்க மதிலும் ஈக்கி. எது சரி?"

அத்தான் மதிலைப் பார்க்காமல் சொன்னார். "படம்தான் சரி நானா."

அவ்வளவுதான். பின்னேரமே கூலிக்காரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கிட்டங்கிக் காவல்காரன் சிங்களத்தில் கத்தினான். நானா படத்தை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தார். மதில் விழுந்தது. நீதிமன்றத்தில் ஒரு மனுசி வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லி நடக்காதது, ஒரு கடதாசியால் ஒரு பின்னேரத்தில் நடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

யேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் வந்தான். துறைமுகப் பக்கம் நிலம் அதிர, சனம் அந்த ஒழுங்கையால்தான் பதுங்குகுழி வெளிக்கு ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாஸ்குச் சட்டையோடு. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமை கோயில் வாசலில் எல்லோரும் அத்தானின் கையைப் பிடித்தார்கள். உங்கட படத்தாலதான் தப்பினம், நோபேட் மாஸ்டர் என்றார்கள். ஒரு தாய் குழந்தையின் தலையில் கை வைக்கச் சொன்னாள். அத்தான் கையை இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு, "வெள்ளவத்தைக்கு வா மச்சான், தனியப் போக ஏலாது" என்றார்.

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்குக் கிட்ட வழக்குப் பேசும் புரக்டர் ஒருவரின் வீடு. வீட்டுக்காரர் ஊருக்கு ஓடியிருந்தார். அருள்நாயகி பின்வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வயது தெரிந்தது, முழங்காலை நீட்டி வைத்திருந்தாள். கொட்டாஞ்சேனை ஆட்கள் என்றதும் பலகையைத் தள்ளிப் போட்டாள். அத்தான் பலகையில் இருக்கவில்லை. நின்றபடியே மை சிந்தியது, சுரண்டியது, ஒரு கோடு கீறியது, நீதிமன்றத்தில் பின்னால் நின்றது எல்லாவற்றையும் சொன்னார். தன்னை ஒரு சொல்லாலும் காப்பாற்றவில்லை. அதற்காக மட்டும் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அருள்நாயகி திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தேங்காய்ப் பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அப்ப ஒழுங்கை இருந்தது?" என்று கேட்டாள்.

"இருந்தது அக்கா."

"நான் பொய் சொல்லேல்லை?"

அத்தானுக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"படிச்ச ஆக்கள் அவ்வளவு பேரும் இல்லை எண்டிச்சினம். படத்திலையும் இல்லை. படம் பொய் சொல்லுமோ? ஏதோ வேலி இடைவெளியை நான்தான் ஒழுங்கை எண்டு நினைச்சனோ எண்டு மனசிலை வந்திட்டுது. வேதப்புத்தகத்திலை கை வைச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணிப்போட்டன் எண்டு சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனான். ஒருக்கால் இல்லைத் தம்பி. மனம் ஆறேல்லை. ஒவ்வொரு வருசத் தவசுக் காலமும் சொன்னனான். அவர் ஒவ்வொரு முறையும் அபராதம் தருவார். முழங்காலிலை நிண்டு செபமாலை."

தண்டவாளத்தில் ரயில் போயிற்று. அத்தானின் வாய் கோணியது. வீட்டை எடுத்தது, தொழிலை எடுத்தது எல்லாம் அவர் கணக்கில் முன்பே இருந்தவை. இது இல்லை.

"என்னை மன்னியுங்கோ அக்கா" என்றார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றினாள். மரமணிகள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தன. கோபமில்லாமல் அவருடைய கையில் வைத்தாள்.

"செய்யாத பாவத்துக்கு நான் போதும் போதுமெண்ட மட்டும் சொல்லிட்டன். இனி மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ தம்பி. எனக்கு முழங்கால் ஏலாது."

பிறகு தேங்காய்ப் பாதியை மறுபடியும் எடுத்து, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றட்டோ என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அத்தான் பழைய படங்களைத் தொடவில்லை. அலுமாரி வெறுமையாகி, அக்காவின் சேலை அதற்குள் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் அவர் உள்ளே கடைசி வாங்கில் முழங்காலில் நிற்பார். சோறு ஆறுது என்று சொல்ல நான் இப்போது போவதில்லை.