கடைசிப் பதினோரு நிமிடம்

எங்கள் தொடரின் ஆண்டுவிழாச் சிறப்புப் படம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நம் ஊரில் வெளியானது. எட்டரைக்குள் உலகம் அதைப் பார்த்து முடித்து, அழுது, திட்டி, எடுத்தவர்களை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி இணையத்தில் மனுவும் போட்டுவிட்டது. மனுவைப் படித்துப் பார்த்தேன். யாருக்கு என்று இல்லை, எந்த விதியின் கீழ் கோருகிறார்கள் என்றும் தெளிவில்லை. அப்படியொரு மனு என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எங்கள் நால்வர் வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் சத்தமே இல்லை. மூன்று செய்திகள் இருந்தன, ஒன்று என்னுடையது. மூன்றிலும் ஒரே வார்த்தை: "பார்த்தாயிற்று." அதற்கு மேல் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. அது விதி. விதியை எழுதியவன் நான்.

இந்த விதி வீடியோ கேசட் காலத்தில் பிறந்தது. தொடர் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானக் கதை. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கடிதம் சுமந்து போகும் ஒரு பழைய தபால் கப்பல், எப்போதும் தாமதம், எப்போதும் ஏதாவது ஒரு பாகம் கழன்று விழுந்துகொண்டிருக்கும். அதன் முதல் கேப்டன், ஒரு கிரகமே வெடித்துக்கொண்டிருந்தாலும் ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் கடிதத்தைக் கொடுக்க மாட்டார். அப்போது நான் பதிவுத் துறையில் இளநிலை உதவியாளன். அந்த மனிதரைப் பார்த்ததும் என் மேலதிகாரி இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

கேசட் சாந்தோமில் இருந்த வாத்தியார் வீட்டுக்குத்தான் வரும். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கும் வாத்தியார். வெளிநாட்டில் இருந்த அவருடைய தம்பி டிவியிலிருந்து பதிவுசெய்து யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புவார். ஒரு கேசட், பார்க்க ஏழு வீடு. வீட்டுக்கு இரண்டு நாள். சாந்தோமிலிருந்து மயிலாப்பூர், அங்கிருந்து தியாகராய நகர், கடைசியில் அடையாறில் என் வீடு. கேசட்டோடு ஒரு நீள நோட்டும் போகும். பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஏழாவது கையெழுத்து விழும்வரை யாரும் கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

விதிக்குக் காரணமானவர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஒரு முறை வாத்தியாருக்கு ஊரில் சாவு. கேசட்டைப் பிரிக்காமலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்த மறுநாள் மனைவிக்குப் புடவை எடுக்கக் கடைக்கு வந்தவரை வாசலிலேயே மறித்த அண்ணாச்சி, "என்னவே வாத்தியாரே, கேப்டன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாம்லா!" என்றார். அந்தப் பகுதியில்தான் கேப்டன் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, பெயரில்லாத ஒரு கிரகத்தில் இறங்கி, திரும்பி வராமல் போனார். வாத்தியார் புடவை எடுக்காமல் திரும்பிவிட்டார். நான்கு மாதம் அண்ணாச்சியிடம் பேசவில்லை. நான் இரு தரப்பையும் விசாரித்து, விதியை எழுதி, எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினேன். அன்றிலிருந்து எனக்குச் செயலாளர் என்று பெயர்.

அதன் பிறகு கப்பலுக்கு நான்கு கேப்டன்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது, இந்தத் தடவை பழையவர் வருவார் என்று எதிர்பார்ப்போம். கேசட் போய் குறுந்தகடு வந்தது, அதுவும் போயிற்று. ஏழு பேரில் ஒருவர் மகனோடு வெளிநாட்டில் குடியேறினார், இருவர் இறந்துபோனார்கள். மீதம் நால்வர்: வாத்தியார், அண்ணாச்சி, நான், மயிலாப்பூர் மாமி. மாமி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் அறிவியல் ஒழுங்காகப் படித்த ஒரே ஆள்.

கடந்த இரண்டு வருடத்தில் சர்க்கரை வியாதி வாத்தியாரின் கண்ணைத் தின்றுவிட்டது. முதலில் எழுத்து போனது, பிறகு முகங்கள். இப்போது ஜன்னல் எங்கே என்பது மட்டும் தெரியும், அதுவும் பகலில். ஆண்டுவிழாப் படம் வரப்போகிறது, பழைய நடிகரே நடிக்கிறார் என்று அறிவிப்பு வந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: "யோவ், கண்ணு போறதுக்கு முன்னாடி அந்தாளு கப்பல்ல திரும்பக் கால் வெக்கிறதப் பாத்துட்டா போதும்யா. மத்ததெல்லாம் பாத்தாச்சு." படம் அவருடைய கண்ணைவிட எட்டு மாதம் தாமதமாக வந்தது. தபால் கப்பல்தானே.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார்.

"செயலாளரே, நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வயிறு எரியுது. வயிறு எரியுதுன்னு சொல்றது விதிக்குள்ள வருமா?"

"வரும். அதோட நிறுத்திக்குங்க."

"எடுத்தவன் மட்டும் நம்ம கடைப்பக்கம் வரட்டும்வே. சாயம் போற சேலையா பாத்துக் குடுத்துருதேன்."

பத்து மணிக்கு மாமி. "நான் படத்தைப் பத்திப் பேசலை. இன்னிக்கு ஆத்துல சமைக்கத் தோணலை, மோர் சாதம் போறும்னுட்டேன். அவ்வளவுதான்." பேசியது இருபது வினாடி. மூச்சு விட்டது அதைவிட அதிகம்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. படம் நெடுகக் கேப்டன் வரப்போகிறார் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். செய்தி வருகிறது, சமிக்ஞை வருகிறது, கப்பலை நிறுத்திவைக்கிறார்கள். கடைசிப் பதினோரு நிமிடத்தில் பேச்சே இல்லை, படமும் இசையும்தான். கேப்டன் வரவில்லை. அவர் நடித்ததாகச் சொன்னது ஒரு பழைய புகைப்படமும் ஒரு குரல் பதிவும். தொடரில் அதுவரை யாருமே பார்த்திராத ஒரு பெண், துறைமுகத் தொழிலாளி, காலியான கப்பலில் அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போகிறாள். கேப்டனின் அறையில் அவர் கோப்பை இருக்கிறது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். கதவைப் பூட்டுகிறாள். முடிந்தது. மனுப் போட்டவர்கள் கேட்டதும் இதைத்தான்: ஒரு கோப்பையைக் கழுவுவதற்கா இத்தனை வருடம் காத்திருந்தோம்?

திங்கட்கிழமை வாத்தியார் போன் செய்தார். மகள் அவர் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், முழுப்படத்தையும் கேட்டுவிட்டார்.

"கேட்டுட்டேன்யா. ஆனா கடைசில ஒருத்தனும் வாயத் தொறக்கலையே, வெறும் மியூசிக்கா போவுது. அதுலதானே வராரு? நாளைக்கு வந்து சொல்லு. அதுவரைக்கும் என் கையெழுத்து கிடையாது."

அன்று மாலை மயிலாப்பூர் குளத்துக்கு அருகில் ஒரு காபிக் கடையில் அவசரக் கூட்டம். வாத்தியாருக்கு அழைப்பு அனுப்பவில்லை. உறுப்பினருக்குத் தெரியாமல் கூட்டம் கூட்டியது அதுவே முதல் முறை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அண்ணாச்சி.

"கேப்டன் வந்துட்டான்னு சொல்லிருவோம். அவர் என்ன, போய்ப் பாக்கவா போறாரு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மாமிதான் பேச்சைத் தொடர்ந்தார். "பொய் சொல்றதுன்னா ஒரே பொய்யா சொல்லணும். ஆளுக்கு ஒண்ணா உளறப்படாது. செயலாளர் எழுதிண்டு வரட்டும். நாம மூணு பேரும் பாடம் பண்ணிக்கணும்."

"கேப்டன் உள்ள வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்" என்றார் அண்ணாச்சி. "ஒருத்தர் அழணும்."

"அழப்படாது. அழுதா வாத்தியார் நம்ப மாட்டார்."

பணிக்காலம் முழுவதும் ஒரு பொய்ச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தேதி தள்ளிப் போடச் சொன்ன அமைச்சர் வீட்டு ஆளையே திருப்பி அனுப்பியவன். அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்துக்குப் பதினோரு நிமிடத்தைத் தயாரித்தேன். கேப்டன் கைத்தடியோடு வருகிறார். தாழ்வாரத்தில் நிற்கிறார். எல்லோரும் எழுகிறார்கள். கொடுக்கப் போன கடிதத்தின் ஒப்புதல் சீட்டை, கையெழுத்தோடு, மேசைமேல் வைக்கிறார். அந்தச் சீட்டு என் கைச்சரக்கு. எடுத்தவர்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் நான்கு மணிக்குச் சாந்தோம் போனேன். வாத்தியார் பழைய கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், எதுவும் வாசிக்காமல். மகளின் லேப்டாப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"இன்னாய்யா செயலாளரே, லேட்டு."

"அடையாறு பாலத்துல ஒரே நெரிசல்."

"சரி சரி, ஆரம்பி."

ஆரம்பித்தேன். நன்றாகத்தான் சொன்னேன். தாழ்வாரத்தில் காலடி விழும் இடத்தில் சற்று நிறுத்தினேன்கூட. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புதல் சீட்டு வந்ததும் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"நல்லா எழுதிருக்கய்யா" என்றார்.

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"கேப்டன் வரும்போதெல்லாம் கிளாரினெட் வரும். மொதப் பகுதிலேர்ந்து. அந்தாளு கதவத் தொறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சுரம், கீழேர்ந்து மேல. அவரு போனப்புறம் அத எடுத்துட்டாங்க. இந்தப் பதினோரு நிமிஷத்த நாலு தடவ கேட்டேன். கிளாரினெட்டே இல்ல. ஒவ்வொரு வாத்தியமா எறங்கினே போவுது. பூசை முடிஞ்சு கோயில் காலியாவும்போது வாசிக்கிற மாரி கீது. நீ என்னடான்னா ஊர்வலம் நடத்துற."

இத்தனை வருடம் பார்த்தும் அந்த இரண்டு சுரத்தை நான் கவனித்ததே இல்லை. கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க ரொம்ப ஆசைப்பட்டீங்க, வாத்தியாரே..."

"பாக்கணும்னு ஆசைப்பட்டேன். நல்லாருக்கணும்னு ஆசைப்பட்டேனா? எத்தினி மட்டமான பகுதியெல்லாம் ஒக்காந்து பாத்திருக்கோம். ரப்பர் பல்லி வந்துச்சே, அதையே பாத்தவன்யா நான். நீங்க மூணு பேரும் பாத்தத எனக்கு மட்டும் காட்டாம, வேற ஒண்ண வெச்சு ஏமாத்தினா, அப்புறம் நான் யாரோட பேசறது?" குரல் உயரவில்லை. "யார் ஐடியா? அண்ணாச்சியா?"

"தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சு."

"ஓகோ. எனக்கு நோட்டீஸ் குடுத்தியா?"

"இல்லை."

"அப்ப செல்லாது. உன் விதிப்படியே செல்லாது. போடு படத்த."

செல்லாதுதான். படத்தின் கடைசிப் பகுதியைத் தேடிப் போட்டேன். இசை தொடங்கியது. இந்த முறை தாள் இல்லாமல், திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு பெண். நீலச் சட்டை. முன்னால் பார்த்திராத ஆள். இயந்திர அறை விளக்கை அணைக்கிறாள்.

"வயசு?"

"அம்பது இருக்கும். முட்டி வலி மாதிரி நடக்கறா."

"ம். அந்த வயலின் நின்னுச்சே, அப்பவா அணைக்கிறா?"

"அப்பத்தான்."

அவர் விரல் கீபோர்டின் விளிம்பில் ஒரு முறை தட்டியது. தபால் அறை, விளக்கு, இன்னொரு வாத்தியம் போனது. அவர் ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே "இப்போ" என்றார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கேப்டனின் அறைக்கு வந்ததும் கோப்பையைச் சொன்னேன்.

"கழுவுறாளா?"

"கழுவறா."

"அது யாருதுன்னு தெரியாமலேயேவா?"

"தெரியாமத்தான். எல்லாருக்கும் அதான் கோவம்."

"இன்னா கோவம்? தெரிஞ்சவன் கழுவினா அது பாசம். தெரியாதவ கழுவறா, இத்தினி சுத்தமா." கொஞ்சம் யோசித்தார். "அண்ணாச்சிக்குப் புடிச்சிருக்காதே?"

"எடுத்தவனுக்குச் சாயம் போற சேலையா குடுப்பாராம்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இசையின் ஓர் இடம் தவறிவிட்டது. பின்னால் நகர்த்தி மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கோப்பை மறுபடி கழுவப்பட்டது. பெண் தாழ்வாரத்துக்கு வந்தாள். ஒரே ஒரு வாத்தியம் மிச்சம் இருந்தது, பெயர் எனக்குத் தெரியாது.

"கடைசி வெளக்க அணைச்சுட்டாளா?"

"இன்னும் இல்லை. கதவுகிட்ட நிக்கறா. சுவிட்சுல கை இருக்கு."

"எதுக்கு நிக்கிறா?"

"தெரியலை. சனிக்கிழமை பாத்தப்போ இதை நான் கவனிக்கவே இல்லை."

"இப்போ பாரு" என்றார் வாத்தியார். "நல்லா பாத்துச் சொல்லு."

நான் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.