முறுக்கு டப்பாவுக்குள் வெளுத்த ரயில்பெட்டி

இந்தக் கதையை ஒர்க்ஷாப் கேன்டீனில் அதிகம் பேருக்குச் சொன்னவர் சுப்பையாவேதான். அடுத்தவன் சொல்லி மானம் போவதைவிட நாமே சொல்லிவிட்டால் பாதியாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. மிஞ்சவில்லை, அது வேறு விஷயம்.

கொள்ளேகாலிலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி மைசூருக்கு வந்தவர், ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெட்டிகளுக்கு ஜன்னல் மாட்டியே இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டார். வேலை என்னவோ ஜன்னல்தான், ஆனால் பேர் கிடைத்தது ஒட்டுவதில். அறுந்த செருப்பு, உடைந்த மூக்குக்கண்ணாடி, விரிசல் விட்ட பக்கெட் என்று தெருவில் எது போனாலும் சுப்பையா வீட்டுக்குத்தான் வரும். ஒருமுறை ஃபோர்மேனின் டிபன் பாக்ஸ் மூடியைச் சரிசெய்யப் போய் தன் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு, அந்த மூடியோடு சிக் ரூமுக்கு நடந்து போனார். அதற்கப்புறமாவது கொஞ்சம் அடக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசை அவ்வளவு நல்ல பசை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொண்ணூற்றாறு தசராவுக்கு முந்தின சனிக்கிழமை பக்கத்து வீட்டு பசவராஜ் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டிக்குள் இருந்தது அவர் மைத்துனர் துபாயிலிருந்து அனுப்பிய பொம்மை ரயில், ஒரு இன்ஜினும் இரண்டு பெட்டிகளும், கூடவே தண்டவாளமும் வேகம் கூட்டிக் குறைக்கிற திருகும். பொம்மை என்று சொன்னால் பசவராஜுக்குக் கோபம் வரும். கைப்பிடிக் கம்பி முதற்கொண்டு அச்சு அசல். தசராவுக்கு தசரா அவர் வீட்டுக் கொலுவைச் சுற்றி அது ஓடும். ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றுவது அவர் மனைவி நஞ்சம்மா. பெட்டியின் கூரையைக் கழற்றி, விரல்நுனி உயரத்தில் ஒரு மண் ராஜாவையும் ராணியையும் ஜன்னலோரம் உட்காரவைத்து மூடுவதும் அந்த அம்மாள்தான். பசவராஜ் திருகைத் திருப்பி வேகம் கூட்டுவதோடு சரி.

அந்த நஞ்சம்மா வைகாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவு விழுந்த வருஷம் வீட்டில் பொம்மை வைக்கக் கூடாது. ரயில் ஒரு வருஷம்கூட நின்றதில்லை, உங்கள் வீட்டிலாவது ஓடட்டும் என்று பசவராஜ் கொடுத்தார். அந்த வீட்டை விட்டு அது வெளியே வருவது அதுதான் முதல் தடவை. ஏழாம் மாசத்திலேயே பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி சுப்பையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு பதவிசாக வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் சுப்பையா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜா ராணி உட்காருகிற பெட்டியின் கூரையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு ஜன்னல் கொஞ்சம் ஆடுகிற மாதிரி தெரிந்தது. நிஜமாகவே ஆடியதா, தொழில் புத்தியில் அவருக்கு அப்படித் தோன்றியதா, அது சாமுண்டிக்குத்தான் வெளிச்சம். நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். நகம் அளவுக் கண்ணாடிப் பிளாஸ்டிக் அப்படியே கழன்று மடியில் விழுந்தது.

மனைவி மகேஸ்வரி கொலுப்படிக்கு வேட்டி விரித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு ஒட்டுங்களேன்" என்றாள். சொல்வதாவது. வந்து ஒரு நாள் ஆகவில்லை, ஜன்னலைக் கழற்றிவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? சுப்பையா சைக்கிளை எடுத்தார்.

கெம்பையன் கடையில் நோட்டுப்புத்தகமும் உண்டு, ஒரு மூலையில் வாட்ச் ரிப்பேரும் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் கெம்பையன் வெள்ளைப் பசை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். காய ஒரு நாள் ஆகும், ஆனால் காய்ந்தால் தண்ணீர் மாதிரி தெளிந்துவிடும், பிளாஸ்டிக்கைத் தின்னாது, தப்பாக ஒட்டினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்றார். நொடியில் ஒட்டுகிற பசை கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவே கூடாது, அதன் ஆவி பட்டு எத்தனை வாட்ச் கண்ணாடி வெளுத்துப் போய் வந்திருக்கிறது தெரியுமா என்றும் கன்னடத்தில் விளக்கமாகச் சொன்னார். மனுஷன் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் சுப்பையாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலர் பேப்பர் ஒட்டுகிற பசையால், இருபத்தேழு வருஷம் நிஜ ரயிலுக்கு ஜன்னல் மாட்டியவன் ஒட்ட வேண்டுமாம். பல்லைக் காட்டிவிட்டு, நொடியில் ஒட்டுகிற டியூபையே வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு சொட்டு போதும். கை ராசிக்காரர் நாலு சொட்டு விட்டார். ஜன்னல் என்னவோ ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. தூசி விழக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது என்று அந்தப் பெட்டியை, கூரையைக் கழற்றியபடியே, பெரிய எவர்சில்வர் முறுக்கு டப்பாவில் குறுக்காகப் படுக்கவைத்து மூடியை அழுத்தி மூடினார். அந்த சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மூடியைத் திறந்தார். ஒட்டிய ஜன்னல் மட்டுமில்லை, பன்னிரண்டு ஜன்னலும் உள்பக்கம் பால் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. டப்பாவுக்குள் அடைபட்ட ஆவி ஒன்று விடாமல் படிந்திருந்தது. கெம்பையனின் முகம் கண்முன் வந்தது. அடேய் சுப்பையா, உனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்திலும் எவனோ பசையை ஊற்றி ஒட்டிவிட்டான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

காது குடைகிற பஞ்சுக்குச்சியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வெள்ளை மெதுவாக விட்டுக்கொடுத்தது. ஒரு ஜன்னலுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது ஜன்னலில் குச்சியை வைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன பசவராஜ் பத்து மணிக்கே வந்து நின்றார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்றார்.

மறைக்க நேரமில்லை. சுப்பையா எழுந்து நின்று, நகத்தால் அழுத்தியதிலிருந்து முறுக்கு டப்பா வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். கெம்பையன் சொன்னதையும் கேட்காமல் வந்ததையும் சேர்த்தே சொன்னார். மகேஸ்வரி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பசவராஜ் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் ரயிலிலேயே குடித்தனம் நடத்தியவர். உள்ளே தெரியாத வெள்ளைக் கண்ணாடி ரயிலில் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா, அதை மாட்டிய சுப்பையாவுக்குத்தான் தெரியாதா?

"சுப்பையா, ஒரு பெட்டி பூரா கக்கூஸா மாத்திட்டியேப்பா. ராஜாவும் ராணியும் எங்க உக்காருவாங்க?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஐந்து மாசமாக அந்த முகத்தில் சிரிப்பையே பார்க்காத மகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பையாவுக்கு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்துத் தருகிறேன் அண்ணா என்று பஞ்சுக்குச்சியை நீட்டினார்.

பசவராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். ராணி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்து ஜன்னலில், வெள்ளைக்குள் இன்னும் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பியிருந்தது. சுழி சுழியாக, அவ்வளவு தெளிவாக. சுப்பையா சட்டென்று தன் விரலைப் பார்த்துக்கொண்டார், அங்கேயும் தன் கைவரிசையோ என்று. ஆனால் அந்த ரேகையின் நடுவே சாய்வாக ஒரு கோடு ஓடியது.

கல்யாணமான வருஷம் அரிவாள்மணையில் பலாக்காய் நறுக்கும்போது நஞ்சம்மாவின் வலது கட்டைவிரலில் விழுந்த வெட்டு அது. அப்போது கட்டுப் போட்டது பசவராஜ்தான். போன தசராவில் ராணியை உட்காரவைக்கும்போது அந்த அம்மாள் கண்ணாடியில் விரலை ஊன்றியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வருஷம் அங்கேயே இருந்ததை சுப்பையாவின் நாலு சொட்டுப் பசையின் ஆவி மேலே படிந்து வெளியே கொண்டுவந்துவிட்டது.

பசவராஜ் சுப்பையாவின் கையிலிருந்த பஞ்சுக்குச்சியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதைத் தொடாதே" என்றார்.

அன்று சாயங்காலம் கொலுவைச் சுற்றி ரயில் ஓடியது. தெருப் பிள்ளைகள் அந்த ஒரு பெட்டி மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டார்கள். அது மாமாவின் முட்டாள்தனம் என்று சுப்பையா அவர்களுக்குச் சுண்டலோடு சேர்த்து விளக்கம் கொடுத்தார். பசவராஜ் திருகைப் பிடித்தபடி, அந்த ஜன்னல் தன் பக்கம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தார்.