சந்தனம் உலர்ந்த வண்டி

அறிவியலை நான் கல்லூரியில் கற்றதாகவே என் சான்றிதழ்கள் கூறுகின்றன. அது முழு உண்மையன்று. என் முதல் பரிசோதனையை, பூனா கசார்வாடியில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு தகரக் கொட்டகையில், ஐந்தாம் வகுப்பு மாணவியாக இருந்தபோதே செய்து முடித்துவிட்டேன். அதன் முடிவை இன்றுவரை எவரும் மறுக்கவில்லை.

அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போது சாங்வியில் எங்களோடு வசித்துவந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டை விட்டு அவர் ஏன் வந்தார் என்பதை எங்கள் குடும்பம் வெளியாரிடம் பேசியதில்லை. நானும் இங்கே பேசப்போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "அவ உடம்புக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கிடுது" என்று அப்பா சொல்லிவந்தார். மழைக்காலங்கள் வந்து போயும் அந்த உடம்பு தேறி ஊர் திரும்பாததைக் கண்டு, அக்கம்பக்கத்தார் புன்னகைக்கத் தொடங்கியிருந்தனர்.

கசார்வாடிப் பட்டறைகளுக்குக் காலைப் பலகாரம் கொடுக்கும் வேலையொன்றை அத்தை பிடித்தார். முதல் ஷிஃப்ட் தொடங்குமுன் இட்லி அங்கே இருந்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இதற்கிடையே, கோயில் கொடைத் திருவிழாவுக்குள் மருமகளை அனுப்பிவைக்கும்படி அத்தையின் புகுந்த வீட்டார் ஊரிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். பலகார வேலை நிலைத்தால் இங்கேயே இருக்கலாம், நிலைக்காவிட்டால் ரயிலேற வேண்டியதுதான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே அத்தையின் எதிர்காலம் முழுவதும், மார்கழிக் குளிரில், விடியுமுன், யாரும் தள்ளாமல் தானே கிளம்பக்கூடிய ஒரு டீசல் வண்டியைப் பொறுத்திருந்தது. புது வண்டிக்கு வழியில்லை. அத்தை தம் நகைகளை விற்றுப் பழைய பிக்கப் ஒன்றை வாங்குவதென முடிவாயிற்று.

அப்பா படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி, பட்டதாரி. எதையும் ஆராயாமல் செய்யமாட்டார். அலுவலக ஜீப் ஓட்டுநரைப் பல நாள் விசாரித்து, பழைய டீசல் எஞ்சினின் யோக்கியதையை அது குளிர்ந்து கிடக்கும்போதுதான் அறிய முடியும் என்று தெரிந்துகொண்டார். தேய்ந்த எஞ்சினும் ஒருமுறை சூடாகிவிட்டால் சாதுவாகிவிடும். விடியற்காலையில்தான் அதன் குணம் வெளிப்படும். இவ்வளவும் தெரிந்துகொண்ட அப்பா, அதன்பின் ஒரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமை, இராகுகாலம் பிறக்குமுன், ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரத்தில் வருவதாக விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பினார். நல்ல நேரத்தை எதிராளிக்கும் தெரிவிப்பது மரியாதை என்பது அவர் கொள்கை. நம்மவர்கள் அனைவருமே அந்த மரியாதையைத் தவறாமல் செய்தார்கள். அது விற்பவருக்கு எத்துணை வசதியானது என்பதை எவரும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

கன்னிப்பெண் கையால் பொட்டு வைப்பது நல்லது என்று அத்தை கூறியதால் எனக்குப் பள்ளி விடுமுறை கிடைத்தது. மூன்று பேராகப் போகக் கூடாது என்று அம்மா ஒரு தேங்காயை நான்காவது ஆளாக அனுப்பினார்.

கசார்வாடி ரயில்வே கேட் எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது. கொட்டகையை அடைந்தபோது இராகுகாலம் நெருங்கியிருந்தது. விற்பவரும் தமிழர்தான், ஆர்க்காட்டிலிருந்து அவர் தாத்தா காலத்தில் வந்த குடும்பம். எங்களைக் கண்டதும், புதிதாக வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பிக்கப்பின் கதவைத் தட்டிக் காட்டினார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து சாவியே போடல சார். எக்தம் டண்டா, சுத்தமா ஜில்லுனு இருக்கற வண்டி. நம்ம ஆளுங்ககிட்ட நான் பொய் பேசுவனா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். டயர்களைப் பார்த்தார். அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று, வேட்டியில் அழுக்குப் படாதவாறு குனிந்து பார்த்தார். அத்தையோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நல்ல நேரம் போனால் வராது என்பது அவர் கவலை.

"ஏட்டி, பாத்துக்கிட்டே நிக்க? பொட்டை வைய்யி" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்திருந்த சந்தனத்தை மூன்று விரலால் எடுத்து, பானெட்டின் நடுவே நான் அகலமாகப் பூசினேன். விற்பவர் கைதட்டினார்.

"ஹோகயா, முடிஞ்சிடுச்சு சார். பொட்டு வச்ச வண்டிய நம்ம ஆளுங்க யாரும் விட்டுட்டுப் போனதில்ல."

அப்பாவின் முகம் கறுத்தது. விலை பேசவில்லை, எஞ்சினைக் கிளப்பவில்லை. ஆயினும் அவர் வீட்டுப் பெண் கொட்டகை ஆட்கள் பத்துப் பேர் பார்க்கப் பொட்டு வைத்துவிட்டாள். இனி பின்வாங்கினால், வண்டிக்குப் பூசை போட்டுவிட்டு ஓடியவர் என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வாசல்வரை வந்துவிடும். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் மட்டும் என் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமி படத்துக்குச் சந்தனமிட்டுப் பழகியவள் நான். அது உலர எவ்வளவு நேரமாகும் என்று அறிவேன். இந்தச் சந்தனமோ, ஓரம் வெளுத்து, நடுவில் வெடித்து, என் கண்ணெதிரே பொருக்காக உதிர்ந்தது.

"அப்பா, சந்தனம் அதுக்குள்ள காஞ்சிட்டு" என்றேன்.

பெரியவர்கள் பேசுமிடத்தில் பேசியதற்காக அப்பா என்னை முறைத்தார். விற்பவர் சிரித்து, வெயில் தகரத்தைச் சுட்டால் வேறென்ன ஆகும் பாப்பா என்றார். நியாயமான விளக்கம்தான். ஆனால் பக்கத்திலேயே, அதே கூரையின் கீழ், பச்சை நிறப் பிக்கப் ஒன்று நின்றிருந்தது. ஒரு பக்க விளக்கில்லை, கதவு நசுங்கியிருந்தது, வண்ணம் சொறிபிடித்தாற்போல் உரிந்திருந்தது. அதன்மீது எவர் கண்ணும் படவில்லை. நான் கிண்ணத்தோடு சென்று, அதன் பானெட்டிலும் அதே மூன்று விரலால் அதே அளவு சந்தனத்தைப் பூசிவிட்டுக் காத்து நின்றேன். அது ஈரமாகவே இருந்தது. எல்லோரும் வந்து பார்த்தபோதும் ஈரமாகவே இருந்தது.

ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாதிருப்பதே சோதனை என்று பின்னாளில் எனக்குக் கற்பித்த பேராசிரியர்கள், அன்று அங்கிருந்திருக்க வேண்டும்.

அப்பா வெள்ளை வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு பச்சை வண்டியின் பானெட்டில் வைத்தார். நாங்கள் வருமுன்னே யாரோ வெள்ளை வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது அவர் கைக்குப் புரிந்தது. விற்பவர்தான் சமாளித்தார்.

"இப்ப ரெண்டுக்கும் பொட்டு வச்சாச்சு. எதக் கட்டிக்கப் போறீங்க சார்?"

"நாளைக்கு விடியுமுன்ன வருவோம். எது தானா எந்திரிக்கோ, அதை" என்றார் அப்பா.

"சனிக்கிழமையா? சனிக்கிழமைல யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?"

அதுவரை தரையையே பார்த்திருந்த அத்தை தலை நிமிர்ந்தார்.

"பிரம்ம முகூர்த்தத்துக்கு தோஷம் கிடையாது அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?"

விற்பவர் தலையாட்டினார். நல்ல நேரத்தை வைத்தே பிழைத்தவர் நல்ல நேரத்தை எப்படி மறுப்பார்?

மறுநாள் நாங்கள் போனபோது பவனா ஆற்றின் பனி சாலைவரை வந்திருந்தது. சால்வையால் காதை மூடியபடி விற்பவர் கொட்டகையைத் திறந்தார். முதலில் நான் சந்தனத்தோடு அழைக்கப்பட்டேன். ஆம், அழைக்கப்பட்டேன், அப்பாவே, "நீ பாரும்மா" என்றார். இரண்டு பானெட்டிலும் பூசினேன். இரண்டிலும் ஈரம் நின்றது. இரண்டும் சமநிலையில் இருப்பதாக அறிவித்தேன்.

விற்பவர் வெள்ளை வண்டியில் ஏறி, எஞ்சினுக்குச் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்து, செல்ஃப் அடித்தார். அது இழுத்து இழுத்து முனகியது. மீண்டும் அடித்தார். வெண்புகையைக் கக்கி, இருமி, அடங்கியது. பாட்டரி களைக்கும்வரை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி, குளிரைக் குறை சொன்னார்.

பச்சை வண்டியில் அத்தை ஏறினார். இதை நான் சற்று விளக்க வேண்டும். அந்த ஜீப் ஓட்டுநரிடம் அப்பாவின் அனுமதியோடு, ஆனால் அப்பா பார்க்காத மைதானத்தில், அத்தை வண்டி ஓட்டப் பழகியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹீட்டர் போட்டுக் கண்மூடியிருந்து, செல்ஃபைத் திருகினார். வண்டி ஒருமுறை உறுமி நின்றது. மறுமுறை திருகியதும் பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. பிறகு சீராக, அரிசி ஆட்டும் கிரைண்டரைப்போல ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது.

அப்பா பேரம் பேசவில்லை. விற்பவரும் விலையை ஏற்றவில்லை. "அடுத்த தபா வண்டி வாங்க வந்தா இந்தப் பொண்ண வூட்ல வுட்டுட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கிடைத்த விருதுகளில் அதற்கு இணையாக எதையும் நான் வைப்பதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பச்சை வண்டி ஒருநாளும் தவறவில்லை. இட்லி சூடாகப் போயிற்று. மேலும் பல பட்டறைகள் கேட்டு வாங்கின. கோயில் கொடை அத்தை இல்லாமலே நடந்து முடிந்தது. அண்டை வீட்டாரிடம் அப்பா, "என் தங்கச்சி பிசினஸ்" என்று, கேட்காதபோதும் சொல்லலானார். அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் நான், வண்டியைத் தேர்ந்தெடுத்தவள் யார் என்று, கேட்காதபோதும் சொன்னேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை வழக்கம்போல் பாத்திரங்களை ஏற்றினார். அம்மாவும் உதவினார். தகரப் பெட்டி ஏறியது, மெத்தை ஏறியது, அப்பாவும் ஜீப் ஓட்டுநருமாகத் தூக்கிக் கட்டிலையும் ஏற்றினார்கள். அத்தை என் முகத்தை இரு கையாலும் வழித்து, "எல்லாம் ஒன்னாலதாம்ட்டி" என்றார். அறிவியலைப் பாராட்டுகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அப்பா வண்டியின் பின்கதவை மூடிவிட்டு, மூடியபின்னும் அதைப் பிடித்தபடியே நின்றார். கசார்வாடியில் அத்தை தமக்கென ஓர் அறை பார்த்திருப்பதைப் பற்றி எவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் செல்ஃபிலேயே வண்டி கிளம்பியதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. அது தெரு முனை திரும்பும்வரை, என் வெற்றியைப் பார்க்கும்படி ஊரையே அழைப்பவள்போல் கையசைத்தேன். கட்டில் எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை. பட்டறையில் யாருக்கோ உடம்பு அலுப்பு போலும் என்று முடிவு செய்துகொண்டு, மத்தியானத்துக்கு அத்தைக்கும் சேர்த்து உலை வைக்கும்படி அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.