“எங்க போறீங்க, மொதலாளி?”

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் என் தையல் கடை. அதன் வாசலில் அடுப்பு போட்டு வடை சுடுகிறவர் முனியாயி அக்கா. அவர் வடையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் குறையும். அவர் வளர்த்து வைத்திருக்கும் கோபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்படியொரு கோபத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதில் பாதி எனக்கு இருந்திருந்தால் என் முதல் கணவன் அவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்க மாட்டான்.

அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் செம்பனை போட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது கணவர் மாயாண்டியோடு டவுனுக்கு வந்தார். கொஞ்ச வருடத்தில் மாயாண்டி அண்ணனுக்குக் கிட்னி போய், டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மகன் காந்தன், எங்கள் வரிசையின் கடைசியில் தம்புசாமி நடத்தும் கட்டடச் சாமான் கடையில் லாரி ஓட்டினான். தம்புசாமி கோயில் கமிட்டியிலும் இருப்பவர். ‘அவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. வயதுக்காக எழுதுகிறேன்.

ஒரு நாள் தம்புசாமியின் ஸ்டோரில் செப்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. காந்தன்தான் எடுத்தான் என்று புகார் கொடுத்தார். மறுநாள் காலையில் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். காந்தன் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

“மக்சிக், செகெஜாப் சாஜா,” என்றார் ஒருவர். கொஞ்ச நேரம்தான் அம்மா, என்று அர்த்தம். எதற்காக, எந்த போலீஸ் நிலையத்துக்கு, விசாரணையா கைதா, ஒன்றும் சொல்லவில்லை. காந்தன் வாயைக் கொப்பளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, “போய்ட்டு வரேம்மா,” என்றான்.

எங்கே போகிறாய் என்று அக்கா கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, ஆள் நல்லபடியாகத் திரும்ப மாட்டான். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக்கூட நாம் அப்படிக் கேட்பதில்லை. வாய் வரைக்கும் வந்த கேள்வியை அக்கா விழுங்கிக்கொண்டு, “நல்லபடியா போய்ட்டு வாய்யா,” என்று அனுப்பி வைத்தார்.

அவன் வரவில்லை. எங்கள் ஊர் மாநில எல்லையில் இருக்கிறது. கடைத்தெருவின் இந்த முனை மலாக்கா, அந்த முனை நெகிரி செம்பிலான். அந்தப் பக்கம் போய்க் கேட்டால் மலாக்கா கேஸாக இருக்கும் என்றார்கள். இந்தப் பக்கம் கேட்டால் வேறு ஊரில் விசாரிக்கச் சொன்னார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டு அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். போன இடத்திலெல்லாம் எங்களைத் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எங்கே கூட்டிப் போவதாகச் சொன்னார்கள்?

அந்த அலைச்சலுக்கு நடுவில் மாயாண்டி அண்ணன் இறந்துபோனார். மகன் வந்துவிடுவான் என்று உடலை வைத்துக்கொண்டு பார்த்தோம். வரவில்லை. கடைசியில் அக்காவின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். காந்தன் எங்கேயோ தூரத்து லாக்கப்பில் இருந்திருக்கிறான். ரிமாண்ட் முடிந்ததும் கேஸ் எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்று பார்த்தது அப்பாவின் மாலை போட்ட படத்தை.

“நீ ஏம்மா எங்கன்னு கேக்கல?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பிறகு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வருவான். வந்தாலும் அப்பா படம் மாட்டிய ஹாலில் உட்கார மாட்டான்.

அக்கா தன்னையும் மன்னிக்கவில்லை, தம்புசாமியையும் மன்னிக்கவில்லை. தன்னை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தம்புசாமியை என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

ஜொகூருக்குப் போகுமுன் காந்தன் ஒன்று சொல்லியிருந்தான். அந்தச் சுருள்களை ரெம்பியாவில் இருக்கும் தம்புசாமியின் மைத்துனர் வீரப்பனின் கொட்டகையில் இறக்கியவனே அவன்தான், முதலாளி சொல்லித்தான் இறக்கினான். போலீஸிடமும் இதைச் சொல்லியிருக்கிறான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் தம்புசாமி புதுக் கார் எடுத்து, கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். அக்கா வடைக் கூடையோடு ரெம்பியாவுக்கு பஸ் ஏற ஆரம்பித்தார். கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்து அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வடை விற்றார். ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது கைப்பேசியில் படம் எடுத்தார். விற்றது போக மீதியிருந்த சுருள்களில் தம்புசாமி கடைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. திமிர் பிடித்தவர்கள் சீட்டைக் கிழிக்க மாட்டார்கள்.

படத்தோடு புகார் கொடுத்தார். யாரும் அசையவில்லை. மறுபடி கொடுத்தார்.

இதற்கிடையில் கோயில் மண்டபத்தில் ஷாந்தினி என்ற வக்கீல் பேச வந்தார். போலீஸ் பிடித்தால் என்னைக் கைது செய்கிறீர்களா, எதற்காக, எந்த நிலையத்துக்கு என்று கேளுங்கள் என்றார். காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை, வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்வது உங்கள் உரிமை என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து தம்புசாமி கை தட்டினார். அக்கா மறுநாளிலிருந்து வடை வாங்க வருகிறவர்களையெல்லாம் அந்தக் கேள்விகளை மலாயில் சொல்ல வைத்தார். தடுமாறினால் சட்னி கிடையாது.

“ரெண்டு வடைக்கு இவ்ளோ படிக்கணுமா லா, அக்கா?” என்றார் டெலிவரிக்கு வந்த ஒருவர்.

“வடைக்கு இல்ல. ஒங்கம்மாவுக்காகப் படி.”

போன வருடம் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அக்காவின் புகாரைக் கையில் எடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, தம்புசாமி கடையில் பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை அடங்காத நேரம், ஜீப் வந்து நின்றது. வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மலாயில் ‘என்சிக்’ என்று மரியாதை போட்டு நிறுத்தி நிதானமாகப் பேசினார். என்சிக் தம்புசாமி, உங்களைக் கைது செய்கிறோம். பொய்ப் புகார், இன்சூரன்ஸ் மோசடி. எந்த நிலையம் என்றும் சொன்னார். வக்கீலுக்குப் போன் செய்யலாம் என்றார். செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நேரம் கொடுத்தார்.

அக்கா என் பக்கத்தில் கரண்டியோடு நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“பாரு ராகினி, வார்த்தை எல்லாம் இவங்ககிட்ட இருக்கத்தான் இருக்கு. எம்புள்ளைக்குத்தான் இல்லாமப் போச்சு.”

தம்புசாமி தன் மனைவி ராஜம்மாவைப் பார்த்து, “போய்ட்டு வரேன்,” என்றார். அந்த அம்மாள் தலையாட்டினார். அப்போது அக்கா கரண்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

“எங்க போறீங்க, மொதலாளி?”

தெரு அப்படியே நின்றது. ராஜம்மா காதைப் பொத்திக்கொண்டார். நெற்றியில் திருநீறு பூசியிருந்த தம்புசாமியின் முகம் அந்தத் திருநீற்றைவிட வெளுத்தது. அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்து வடையைப் புரட்டினார்.

“ராஜம்மாவுக்கு எடம் தெரிஞ்சிருக்கட்டும்னுதானே கேட்டீங்க?” என்றேன். எனக்கும் சில நாள் இளகிய மனசு வந்துவிடும்.

“அதான் இன்ஸ்பெக்டர் சொன்னாங்களே. அந்தாளு நல்லபடியா திரும்பக் கூடாதுன்னு கேட்டேன்.”

தம்புசாமி ஜாமீனில் வந்துவிட்டார். கேஸ் நடக்கிறது. வீடு கடைக்கு மேல்மாடியில்தான். கோர்ட்டுக்குக் காரில் ஏறப் போகும்போதெல்லாம் எங்கள் வாசலிலிருந்து அக்கா கேட்பார். உடனே அவர் மாடியேறிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார். அக்கா மறுபடி கேட்பார். ஒரு தடவை கோர்ட்டுக்கே தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியதாகக் கேள்வி. இப்போது பின்சந்து வழியாகத்தான் கிளம்புகிறார்.

“போதும்கா, விட்டுருங்க,” என்றேன் நேற்று.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “எம்புருசனுக்குக் கொள்ளி வச்சது யாரு?”

இன்று காலை கடையைத் திறக்க வந்தபோது வாசலில் அடுப்பு இல்லை. வடை வாசம் பின்சந்திலிருந்து வந்தது.