கார்டில் இருந்த தமிழ் மெனு

கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பசை போட்டு ஒட்டி விற்கும் கம்பெனிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசு கொடுத்தவன் நான், திறந்து பார்க்க அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். அந்த எரிச்சலில்தான் திறந்த மூலக் கருவி ஒன்றை வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கணினி. பின்பக்கம் நான்கு திருகாணிகள். உள்ளே எது எங்கே போகிறது என்ற வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. சின்ன வயதில் ஆடிய விளையாட்டுகள் அத்தனையும் அதில் ஓடும். பிடிக்காததை நாமே மாற்றலாம், மாற்றியதை ஊருக்கே கொடுக்கலாம்.

நான் மாற்றியது மெனுவை. சீனம் இருந்தது, ஜப்பான் மொழி இருந்தது, மலாய்கூட இருந்தது. தமிழ் இல்லை. மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், எல்லைப் பாலத்து நெரிசலில், கருவியின் குட்டி விசைப்பலகையைக் கட்டைவிரலால் ஏழு மாதம் தட்டினேன். முதலில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக விழுந்தன. ‘தொடங்கு’ ஒழுங்காக வந்த அன்று பக்கத்து சீட்டு மலாய்க்காரரிடம் காட்டினேன். படிக்கத் தெரியாமலேயே ‘பாகுஸ்’, நல்லாயிருக்கு, என்றார்.

அரைகுறையாக இருந்தாலும் போடுங்கள், மற்றவர்கள் திருத்துவார்கள் என்று இந்தக் கருவிக்காரர்களின் இணையக் குழுவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். நான் போடவில்லை. கண்டவனெல்லாம் என் தமிழில் குற்றம் கண்டுபிடிப்பதா? முழுசாக முடித்து, நான் செய்தது என்று சொல்லிப் போடலாம் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவாரில் மாமியார் வீட்டுக்குப் போனோம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். என் மனைவியின் தம்பி அங்கே நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, தன்னிடமிருந்த பழைய விளையாட்டுகளை ஏற்றுவதற்காகக் கருவியின் மெமரி கார்டை உருவித் தன் மடிக்கணினியில் செருகியிருக்கிறான். கருவி ஓடுவது லினக்ஸில்; அந்தக் கார்டை அவன் கணினிக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமல், ‘கார்டை ஃபார்மட் செய்யட்டுமா?’, முழுக்க அழிக்கட்டுமா, என்று கேட்கும். இந்தக் கருவி வைத்திருக்கும் எவனும் அதற்குச் சரி சொல்லமாட்டான். இவன் சொல்லிவிட்டான். ஏழு மாத வேலையும் அந்த ஒரே கார்டில்தான் இருந்தது.

மாமியார் வீடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். சோறுதான் தின்கிறாயா என்று கேட்டேன். அடுத்தவன் பொருளைத் தொடுமுன் எழுப்பிக் கேட்டால் வாய் வலிக்குமா என்று கேட்டேன். மனைவி கையைப் பிடித்து இழுத்தாள், உதறினேன். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றான். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினான்.

“சாரி மச்சான். ஆனா நீங்கதானே சொல்வீங்க, இதுல யார் எது செஞ்சாலும் எல்லாருக்கும் குடுத்துருவாங்கன்னு. யார்கிட்ட காப்பி இருக்குன்னு சொல்லுங்கலா, நானே கேட்டு வாங்கித் தரேன்.”

குத்திக்காட்டவில்லை அவன். நிஜமாகவே கேட்டான். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டான். நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

மாதங்கள் ஆகிவிட்டன. அவன் அழைத்தால் இன்னமும் போனை மனைவியிடம் நீட்டிவிடுகிறேன். கார்டை அழித்த கோபம் இன்னும் போகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது எப்போதோ போய்விட்டது. அவன் கேட்ட கேள்வியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.