சாமி தலைக்கு மேல் ஓர் ஒட்டு

என் வலது கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் பேண்ட் சா என்ற ரம்பத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கினேன். அதுவரை அது பெரிய மரப்பட்டறைகளின் சங்கதி என்று நினைத்திருந்தேன். நான் செய்வது வீட்டு வேலை. கோலா சிலாங்கூரில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால், கார் நிற்கவேண்டிய இடத்தில், சாமி மேடை செய்து கொடுக்கிறேன். கார் வெயிலில் நிற்கிறது.

மேடையில் பெட்டி, தட்டு, இழுப்பறை எல்லாம் நேர்வெட்டு. அதில் தொல்லை இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசிதான் என் கையை வாங்கியது. ஜிக்சா என்ற கை ரம்ப மெஷினை இறுக்கிப் பிடித்துப் பலகையில் வளைவு அறுத்தால், அந்த அதிர்வு மணிக்கட்டுக்குள் புகுந்து முழங்கைவரை ஏறும். அப்புறம் கோப்பை கையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த மெஷினை இனிமேல் தொடவே கூடாது, தொட்டால் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்றார் கிளினிக் டாக்டர். எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. நான் பார்த்த எத்தனையோ வேலைகளில் எனக்குப் பிடித்துப்போனது இது ஒன்றுதான்.

பேண்ட் சாவில் மெஷின் தரையில் அசையாமல் நிற்கும். ஓடும் பிளேடை நோக்கிப் பலகையை நாம் தள்ளினால் போதும், கை அதிராது. கைப்பேசியில் அதைப் பார்க்க ஆரம்பித்தவள் சாப்பாட்டை மறந்தேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓயாமல் ஓடும் ஒரு பிளேடு. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நீளமான பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்து வளையமாக்குகிறார்கள் என்று கண்டுபிடித்தபோது, ஏதோ திருட்டைப் பிடித்துவிட்டமாதிரி சந்தோஷம்.

ஆனால் பிளேடு மழுங்கும், சில சமயம் அறுந்தும் போகும். மாற்றவேண்டும். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அவர் வரும்வரை பட்டறையை மூடிவைப்பதற்கு நான் மெஷின் வாங்கத் தேவையில்லை. இந்தக் கையால், தனியாக, பிளேடு மாட்ட முடியுமா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் இருந்த மெஷின் கடைக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். திருவாசி வளைவை அட்டையில் வெட்டிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். விற்பனையாளர் நம்ம ஆள். வாங்க என்று வரவேற்றவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் வீட்டுக்காரரிடம் பதில் சொன்னார். மரத்தை லோரியில் ஏற்றும் பாரமாக மட்டுமே அறிந்த என் வீட்டுக்காரரோ, எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இந்தப் பெருசு நல்ல பவர் லா. ஆயுசுக்கும் வரும்."

"ஆமா, ஆமா," என்றார் இவர்.

நான் அந்தப் பெரிய மெஷினின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டேன். சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. ஏன் ரப்பர் என்று கேட்டேன். பிளேடு வழுக்காமல் இருக்கவும், பல் இரும்பில் படாமல் இருக்கவும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"தம்பி, நான் ஒரு தடவை பிளேட மாத்திப் பாக்கணும்."

"ஆண்ட்டி, அதெல்லாம் அங்கிள் பாத்துக்குவாரு."

"அங்கிள் ஈப்போவுல இருப்பாரு. அங்கேருந்து கை நீளுமா?"

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு மூன்று சுற்றாக மடித்துக் கட்டியிருந்த புதுப் பிளேடைக் கொண்டுவந்து கட்டை அவிழ்த்தார். அது படீரென்று விரிந்து துள்ளியது. என் வீட்டுக்காரர் பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கையுறை போட்டு, பிளேடைச் சக்கரங்களில் மாட்டிவிட்டேன். அதை இறுக்க மெஷினின் உச்சியில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருக என் விரல்களால் முடியவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. கடை நடுவே கண் கலங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்தில் சின்ன மெஷின் ஒன்று நின்றது. அதற்குத் திருகுக்குப் பதிலாகப் பின்னால் ஒரு நீளமான பிடி. விரலே வேண்டாம், உள்ளங்கையால் ஒரு அமுக்கு, பிளேடு விறைத்து நின்றது. எனக்கு உடனே அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்போல் இருந்தது. ஆனால் அட்டையை வைத்துத் திருப்பிப் பார்த்தால், பாதி வளைவிலேயே அது மெஷினின் தூணில் இடித்தது. பிளேடுக்கும் தூணுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம்.

"ரெண்டு துண்டா அறுத்து நடுவுல ஒட்டிடேன்," என்றார் இவர்.

"சாமி தலைக்கு மேல ஒட்டா? எந்த வீட்டுல வாங்குவாங்க?"

கண்ணாடி கீறிய படத்தைக்கூடச் சாமி மேடையில் வைக்காதவர்கள் நாங்கள். நெற்றிக்கு நேரே பிளந்தமாதிரி ஒரு கோட்டோடு திருவாசியை யாருக்குக் கொடுப்பது? எதையும் வாங்காமல் திரும்பினோம். வழியெல்லாம் இவர் பேசினார், நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் குடும்பத்துப் பூசைக்காக எஸ்டேட் கோயிலுக்குப் போயிருந்தோம். தீபாராதனை நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கண் மூடவில்லை. திருவாசி என்று எதைக் கண்டாலும் அளவெடுக்கும் நிலைமையில் இருந்தேன். உள்ளே இருந்தது பித்தளை, அதனால் பயனில்லை. பூசை முடிந்ததும் பக்கத்துக் கொட்டகையில் திருவிழா ரதம் நிற்பது ஞாபகம் வந்தது. அதன் திருவாசி மரம். உச்சியில் வழக்கம்போல யாளி முகம், பிதுங்கிய கண், விரிந்த வாய். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பின்பக்கத்தில் சாயம் இல்லை. வளைவின் உச்சியில், யாளி முகத்துக்கு நேர் பின்னால், மேலிருந்து கீழாக ஒரு கோடு. இரண்டு துண்டு. குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டு முடுக்கியிருந்தார்கள். முன்னால் ஓடிவந்து பார்த்தேன். கோடு துளியும் தெரியவில்லை, முகம் அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

கண் திருஷ்டிக்கு வைத்த முகம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இருக்கலாம். ஆனால் இதைச் செய்த ஆசாரிக்கும் பலகை அகலம் பத்தாமல் போயிருக்கிறது, அவரும் என்னைப்போல் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அங்க என்னம்மா தேடுறீங்க?" என்று கோயில் பண்டாரம் கேட்டார்.

"ஒரு ஒட்டுங்க சாமி," என்றேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

ஒட்டின்மேல் யாளி முகம் வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்று சின்ன மெஷினே வீட்டுக்கு வந்தது. இவர் வடக்கே போன மறுநாள் நான் தனியாகப் பிளேடு மாட்டினேன். பலகையைத் தள்ளினால் புகை வந்ததே தவிர வெட்டு விழவில்லை. அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பற்கள் எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. கழற்றி எப்படித் திருப்பினாலும் மேலேயே பார்த்தன. வளையத்தின் உட்புறத்தை வெளியே புரட்டினால்தான் பல் கீழே பார்க்கும் என்று புரிவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. புரட்டினேன், மாட்டினேன், பிடியை உள்ளங்கையால் அமுக்கினேன்.

மெராந்தி மரப் பலகையில் பாதித் திருவாசியைக் கோடு போட்டிருந்தேன். மெதுவாகத் தள்ளினேன். பிளேடு கோட்டை விடாமல் வளைவோடு போனது. ஒரு பாதி முடிந்தது, அப்புறம் இன்னொரு பாதி. அணைத்துவிட்டு, வழக்கமான மரமரப்பு வரட்டும் என்று மேசையில் கையை விரித்துக் காத்திருந்தேன். வரவில்லை. மரத்தூள் நுனிவிரல்களில் சொரசொரத்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். அப்போதும் சொரசொரத்தது.